நானூற்றுப் பதின்மூன்றாவது தாத்தா

இதில் ஒரு சொல் பொய் என்றாலும் நான் செத்த பிணம். சத்தியம்.

மணி மூன்று நாற்பது. நான்கு மணிக்குள் அந்தப் பெண்ணின் விசா விண்ணப்பம் முழுதாகக் கணினியில் ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் அவள் படிப்பு அதோடு சரி. கல்லூரி அவள் இடத்தைத் தூக்கி அடுத்தவனுக்குக் கொடுத்துவிடும்.

டைரக்டருக்கு அவசரமே இல்லை. செல்போன் பழுதுபார்க்கும் கடைக்கு மேல்மாடியில், ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்து கொட்டாவி விட்டார்.

அவர் சினிமா எடுத்தவர் இல்லை. வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு, 'நான் ஏன் இதைப் படிக்க விரும்புகிறேன்' என்று கடிதம் எழுதிக் கொடுப்பவர். கதை, வசனம், கண்ணீர் மூன்றும் அவருடையதே என்பதால் அந்தப் பட்டம்.

பிள்ளைகள் மீது அவருக்குத் துளி மரியாதை கிடையாது. ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டால், "சித்தப்பா பையன் அங்கதான் சார் இருக்கான்" என்பார்கள். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று முனகிக்கொண்டே எழுத ஆரம்பிப்பார். கடிதத்தைப் பார்க்கும் அதிகாரிகள் மீது மரியாதை அதைவிடக் குறைவு. முத்திரை குத்துவதற்காகவே கை முளைத்த ஜென்மங்கள் என்பார்.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே அவர் கண்டுபிடித்த வழி ஒன்றே ஒன்று: தாத்தாவைக் கொல்வது.

அப்பாவையும் அம்மாவையும் கொல்ல முடியாது. செலவுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட அவர்கள் வேண்டும். தாத்தாவால் என்ன பிரயோசனம்?

மருத்துவம் படிக்கிறவன் தாத்தாவுக்கு மாரடைப்பு. கட்டடக்கலை என்றால் படியில் வழுக்கி. வணிகம் என்றால் கடை நொடித்த துக்கத்தில். பதினோரு வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு தாத்தாக்கள். ஒரு போலீஸ்காரர்கூட வந்து கதவைத் தட்டியதில்லை.

இந்தப் பெண் ஒரு விசித்திரப் பிறவி. கடிதத்தைத் தானே எழுதிக்கொண்டு வந்திருந்தாள். கழிவுநீர்ப் பொறியியல் படிக்க வேண்டுமாம். மழை வந்தால் வீட்டுக்குப் பின்னால் சாக்கடை எவ்வளவு ஏறுகிறது என்று நான்கு வருடமாகப் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்திருக்கிறாளாம். அளக்கும்போது தாத்தா குடை பிடிப்பாராம்.

அதை அவர் இரண்டு விரலால் தூக்கிக் குப்பைக்கூடையில் போட்டிருந்தார்.

"குடை பிடிக்கிற தாத்தா எதுக்கும்மா? செத்த தாத்தாதான் விசா வாங்கித் தருவார்."

காலையிலேயே தன்னுடையதை எழுதிக் கணினியில் ஏற்றியும் விட்டார். ஏற்றியதை இனி இறக்க முடியாது. இப்போது அதன் நகலை எடுத்து, குரலில் ஈரம் சேர்த்து அவளுக்கு வாசித்துக் காட்டினார். ஆறு வருடத்துக்கு முன்னால், சாக்கடை கலந்த தண்ணீரைக் குடித்து, அவள் மடியில் தலை வைத்து, அப்பாவைப் பெற்ற தாத்தா உயிர் விடுகிறார். கனமாக இருக்கட்டும் என்று, அவள் படிவத்தில் கண்ணில் பட்ட கிழவர் பெயரை உருவி முழுதாகப் போட்டிருந்தார்.

அவள் அழவில்லை. சுவரோரம் இருந்த பெஞ்சையே பார்த்தாள்.

பெஞ்சில் ஒரு கிழவர். வந்ததிலிருந்து ஈரக்குடையைத் தரையில் சொட்டவிட்டுக்கொண்டிருந்தார். 'பெருசு, அந்தச் சனியனை வெளியில வைங்க' என்று டைரக்டர் ஏற்கெனவே இரண்டு தரம் சொல்லியாகிவிட்டது.

மூன்று நாற்பத்தெட்டு. பொறுப்பேற்பவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"அப்பாவை வரச் சொல்லும்மா."

"அப்பா இல்ல சார். நான் ரெண்டாவது படிக்கும்போதே போயிட்டாரு. எல்லாம் தாத்தாதான்." பெஞ்சைக் காட்டினாள். "இவருதான்."

டைரக்டர் நகலைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். மறுபடியும் நகலைப் பார்த்தார்.

"இவரு உயிரோடவா இருக்காரு?"

"காலையில வரைக்கும் இருந்தேன் தம்பி," என்றார் கிழவர்.

ஏசிக்கு நேர் கீழே டைரக்டருக்கு வியர்த்தது. நானூற்றுப் பன்னிரண்டில் ஒருவர்கூட இப்படித் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்ததில்லை.

மூன்று ஐம்பத்தொன்று.

"போடுங்க பெரியவரே," என்று பேனாவை நீட்டினார். "எவன் படிக்கிறான்? இந்த லெட்டரை இதுவரைக்கும் ஒருத்தனும் படிச்சதில்ல."

கிழவர் குடையை மடித்து வைத்துவிட்டு வந்தார். நிதானமாக, ஒரு எழுத்தும் விடாமல் கையெழுத்துப் போட்டார். செத்தவர் கையெழுத்துக்கு நல்ல வடிவு.

டைரக்டர் காகிதத்தைப் பிடுங்கி ஸ்கேன் செய்து ஏற்றினார். மூன்று ஐம்பத்தொன்பது. திரையில் பச்சை விளக்கு எரிந்தது.

அந்தப் பெண் குனிந்து, குப்பைக்கூடையிலிருந்து தன் கடிதத்தை எடுத்து நீவினாள்.

"ஒருத்தரும் படிக்க மாட்டாங்கன்னா, இதையே வச்சிருக்கலாமே சார்?"

டைரக்டர் குப்பைக்கூடையைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினார்.

இருபத்து மூன்றாம் நாள் விசா வந்தது. போகும்போது பள்ளிக்கூட ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு போனாள். குடையை மட்டும் எனக்கு விட்டுவிட்டுப் போனாள்.

அந்த நாட்டு அரசாங்கத்தின் கோப்பில், நான் இறந்து ஆறு வருடம் ஆகிறது.