ரெஜினா இல்லாத இறுதி ஆட்டம்

முழங்கால் கெட்டு ரெஜினா டென்னிஸை விட்ட பிறகு வந்த முதல் இறுதிப்போட்டியைத் தாட்சாயணி நாற்பதே நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

"ரெஜினா மட்டும் இல்லாம இருந்திருந்தா உங்ககிட்ட இன்னும் ஒன்பது கோப்பை இருந்திருக்கும், இல்லையா மேடம்?" என்று நிருபர் கேட்டார். தாட்சாயணி இருப்புக்கொள்ளாமல், உடைகூட மாற்றாமல், மட்டையும் கையுமாக ஆட்டோ பிடித்து ரெஜினா வீட்டு வாசலில் போய் இறங்கினாள்.

"ஜெயிச்சவ இங்க எதுக்குடி வந்த?" என்றாள் ரெஜினா.

"எனக்கு வேர்க்கவே இல்லடி."

ரெஜினா அவள் கையிலிருந்த மட்டையைப் பார்த்தாள். "பேக்ஹேண்ட் இன்னும் லேட்டாத்தான் எடுக்கறியா?"

"தெரியல. நீ போனதுக்கப்புறம் எனக்கு அந்த இடது பக்கம் யாருமே அடிக்கல."

ரெஜினா தன் மட்டையோடு நொண்டியபடி தெருவுக்கு வந்தாள். "நான் நின்ன எடத்துலேந்துதான் அடிப்பேன். நீ ஓடிக்கோ."

முதல் பந்தைத் தாட்சாயணியால் தொடக்கூட முடியவில்லை.

"இன்னொண்ணு போடு" என்றாள்.