இழுக்காத கார்

"உன் காரைக் கொஞ்சம் எடுத்தாடா சுப்பிரமணி. டிரெய்லரைக் கயிறு போட்டுக் கட்டி, ஏரிக்கரை மேட்டைத் தாண்டி இழுத்து வுட்டுட்டா போதும்."

பாண்டுரங்கன் மூச்சு வாங்கிக்கொண்டு தம்பி வீட்டு வாசலில் நின்றார். அந்தப் போகத்து நெல் முழுக்க மூட்டையாகி டிரெய்லரில் ஏறிவிட்டது. வாடகைக்கு வந்த டிராக்டர்தான் பாதி வழியில் படுத்துக்கொண்டது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"அம்பாசடர் அதுக்கு ஆவாதுணா," என்றான் சுப்பிரமணி. "அது வூட்டு ஜனங்க குந்திகினு போற வண்டி. அத்தினி மூட்டையை மேட்டுல இழுத்தா கிளட்ச் கருகிடும். அந்தாண்ட எறக்கத்துல டிரெய்லரு காரையே தள்ளிகினு போவும். பிரேக் நிக்காது."

"போன மாசம் கல்யாணத்துக்கு ஊரையே அடைச்சிகினு போனியே, அப்ப கருவலையா?"

"ஆளுங்க வேற, நெல்லு மூட்டை வேறணா."

"சரி, கருவுனா கருவட்டும். புது கிளட்ச் நான் போட்டுத் தரேன்."

"மெட்ராஸ்லேர்ந்து சாமான் வரணும். அது வர்ற வரைக்கும் வண்டி ஷெட்லயே நிக்கும். இப்ப முடியாதுணா. வா, மாட்டு வண்டிக்குச் சொல்லுவோம். நானும் வந்து மூட்டை தூக்கறேன்."

"இப்ப அப்படி இன்னாடா அவசரம்? காரை எடுத்துகினு எங்க போவப்போற?"

சுப்பிரமணி வாயைத் திறந்தான். அண்ணன் முகத்தைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

மாட்டு வண்டிகள் வந்து சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சுப்பிரமணியும் நனைந்துகொண்டே மூட்டை தூக்க வந்தான். பாண்டுரங்கன் அவன் தோளிலிருந்து மூட்டையைப் பிடுங்கினார்.

"போடா. போயி உன் காருக்குக் கோணி போத்து. அதுக்கு ஜலதோஷம் புடிச்சிடப் போவுது."

அதோடு பேச்சு நின்றது. ஒரகடத்தில் யாரைப் பார்த்தாலும் அவர் சொன்னது ஒன்றுதான்: "தகரத்து மேல கீற பாசம் கூடப் பொறந்தவன் மேல இல்ல."

மழை விட்டது. ஈர நெல் முளை கட்டுவதற்குள் காய்ந்தாக வேண்டும். பாண்டுரங்கன் ரோட்டை அடைத்துப் பரப்பி, ஓரமெல்லாம் கல் வைத்து, பெண்சாதி சுந்தராம்பாளோடு காலால் கிளறிக்கொண்டிருந்தார்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே அம்பாசடர் வந்தது. பாண்டுரங்கன் நட்டநடு ரோட்டில் போய் நின்றுகொண்டார்.

"நெல்லை நனைய வுட்ட. இப்ப அது மேலயே ஏத்தப் போறியா? சுத்திகினு போ!"

சுப்பிரமணி தலையை வெளியே நீட்டினான். "சுத்திகினு போவ நேரம் இல்லணா. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போவணும். வழி வுடு."

பின்சீட்டை முதலில் பார்த்தவள் சுந்தராம்பாள். ஓடிப்போய்க் கதவைத் திறந்து உள்ளே ஏறிக்கொண்டாள்.

பாண்டுரங்கன் குனிந்து பார்த்தார்.

காந்திமதி. அவர் பெற்ற மகள். நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன், மண்ணூர் யாக்கோபு. வேதக்காரப் பையனைக் கட்டிக்கொண்டு அவள் போன நாளிலிருந்து, அவள் பெயரை யாரும் தன் எதிரில் எடுக்கக் கூடாது என்று பாண்டுரங்கன் சத்தியம் வாங்கியிருந்தார். தம்பியிடமும்தான்.

"அப்பா..." என்றாள் காந்திமதி. மேற்கொண்டு பேச வலி விடவில்லை.

பாண்டுரங்கன் கல்லையெல்லாம் எட்டி உதைத்தார். மண்டி போட்டு, இரண்டு கையாலும் நெல்லை வாரி வாரி ஓரத்தில் தள்ளினார். தள்ளிக்கொண்டே கத்தினார்:

"அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா, பாவி!"

சுப்பிரமணி கியரைப் போட்டான்.

"அவ பேரைச் சொல்லக் கூடாதுன்னியே. அதான் கிளட்ச் பேரைச் சொன்னேன்."