விஷயம் தெரியாத ஒரே ஆள்

"தம்பி செத்துட்டான்னு அதுகிட்ட சொல்லும்மா."

இந்தப் பேச்சை மட்டும் அம்மாவிடம் எடுத்துவிடாதே என்று அப்பா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எடுத்துவிட்டேன்.

அம்மா தையல் மிஷினிலிருந்து காலை எடுக்கவில்லை. எதிரே, ஊசி டப்பாவில் சாய்த்து வைத்த போனில் ஏஐ பேசிக்கொண்டிருந்தது. பையனுக்கு உடம்பு போட்டிருக்கிறது, சட்டைக்குத் தோளில் எவ்வளவு கூட்டி வெட்டலாம் என்று கேட்டிருக்கிறாள். அரை அங்குலம் போதும் என்றது. சாயங்காலம் மகன் வந்ததும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்று அக்கறையாக வேறு சேர்த்துக்கொண்டது.

போன மழையில் பைக்கோடு லாரிக்கு அடியில் போனவனுக்கு உடம்பு போட்டிருக்கிறது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உலகத்தில் எழுதிவைத்ததை எல்லாம் கரைத்துக் குடித்த சாதனம். இந்த இரண்டு அறைக்குள் நடந்தது அதற்குத் தெரியாது. நாம் சொன்னால்தான் தெரியும். அம்மாவின் போனில் இருப்பதற்கோ சொன்னதும் ஞாபகத்தில் நிற்காது. 'புதிய உரையாடல்' என்ற பொத்தானை அமுக்கினால் எல்லாம் போய்விடும். அளவுகளைக் குழப்பிக்கொண்டால் இதை அமுக்கு என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

வீட்டில் முதன்முதலாகக் காலேஜுக்குப் போனவள் இல்லையா. கரண்ட் பில்லிலிருந்து போலீஸ் நோட்டீஸ் வரை என்னிடம்தான் வரும். அன்று டாக்டர் சுற்றி வளைத்துச் சொன்னதை அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னதும் நான்தான்.

அந்தத் தைரியத்தில் கத்தினேன். அதற்கு மகனும் கிடையாது, மண்ணும் கிடையாது. நீ சொல்வதை வைத்துக்கொண்டு அழகாக வார்த்தையை அடுக்குகிறது. உனக்கு என்ன, புத்தி கலங்கிவிட்டதா என்றேன். பக்கத்து அறையில் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"மொத நாளே சொன்னேன்டி. எழவுக்கு வந்தவங்க சொன்ன அதே ஆறுதலத்தான் அதுவும் சொல்லுச்சு. அப்புறம்தான் அந்தப் பொத்தான அமுக்கினேன். பால்காரன்ல இருந்து எல்லாருக்கும் தெரியும். உன் மூஞ்சியப் பாத்தாலே அவன் இல்லன்னு தெரியுது. இது ஒண்ணுக்குத்தான் தெரியாது. இத விட்டுடு."

புத்தி ஒன்றும் கலங்கவில்லை. தெளிவாகத்தான் இருந்தாள்.

வீம்புக்குப் போனைப் பிடுங்கி, பேசியதை மேலே தள்ளிப் பார்த்தேன். அதற்கு நேற்றுச் சொன்னது எதுவும் ஞாபகம் இல்லாததால், அம்மா இன்றும் குடும்பத்தை முதலிலிருந்து சொல்லியிருந்தாள்.

வீட்டில் நான், வீட்டுக்காரர், பையன். பொண்ணு வெளியூரில் வேலையில் இருக்கிறாள். சந்தோஷமாக இருக்கிறாள்.

இரண்டு தடவை படித்தேன்.

நான் வீட்டில் இருந்தால் அவன் இருக்க முடியாது. அது அம்மாவுக்கு எப்போதோ புரிந்திருக்கிறது.

வெளியூரில் ஒரு வேலை கிடைத்து, இவளை இப்படியே விட்டுவிட்டு எப்படிப் போவது என்று யாரிடமும் சொல்லாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். வருகிறாயா இல்லையா என்று அங்கிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

போனை அம்மாவின் முன்னால் சாய்த்து வைத்தேன். அவள் நிமிரவில்லை. காலருக்கு எந்தத் துணி என்று அதனிடம் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு, வேலைக்கு வருகிறேன் என்று அவர்களிடம் போனில் சொல்வதற்காகப் படியிறங்கினேன். அம்மா சொன்னதில் சந்தோஷம் என் கையில் இல்லை. அதற்கு முந்தைய வரியையாவது உண்மையாக்கிவிடலாம்.