துப்பிய மிடறு

சமையலறை மேடையெல்லாம் செம்பருத்தி இதழும் மிளகும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும் இறைந்து கிடக்கின்றன. நாளைக்குத் தேநீர்க் கடை திறக்கப்போகும் கணவன், தன் புதுக் கலவையைக் கோப்பையில் ஊற்றி மனைவியிடம் நீட்டிவிட்டு அடுப்புக்கும் ஜன்னலுக்குமாக நிலைகொள்ளாமல் நடக்கிறான். தேயிலைக் கம்பெனியில் பகலெல்லாம் ருசி பார்க்கிறவள் அவள். சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் உருட்டி, பழக்கதோஷத்தில் பாத்திரம் கழுவும் தொட்டியில் துப்பிவிடுகிறாள். அவன் நடை நின்றுபோகிறது. "அவ்வளவு மோசமாவா இருக்கு?" "ஐயோ, நல்லதையும் துப்புறதுதாங்க எங்க வேலை!" அவன் முகத்தில் ஈயாடவில்லை. மிளகு கொஞ்சம் தூக்கல்தான். சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் கோப்பையை மறுபடி எடுத்து வாய் நிறைய உறிஞ்சுகிறாள். அவன் கண் அவள் தொண்டைக்குழியை விட்டு அசையவில்லை.