மைனஸ் அக்கா

"போர்டுல ஒரு கணக்கை ஒழுங்காப் போடத் தெரியாத பொண்ணை யாரு டீச்சராக்கினது?"

வேதியியல் மேடம் இப்படிக் கேட்டது ஆய்வுக்கூடத்தில் எல்லோர் காதிலும் விழுந்தது.

அந்தப் பெண் மூன்றாம் ஆண்டு மாணவி. வேதியியலோடு கணிதமும் சேர்த்துப் படிப்பவள். வெளிச்சம் பட்டால் நீலச் சாயம் எவ்வளவு வேகமாக வெளுக்கும் என்பது அவளுடைய ஆராய்ச்சி. அது போக, முதலாம் ஆண்டுக்கு வாரம் ஒரு கணக்கு வகுப்பும் எடுக்கிறாள். ஆராய்ச்சியில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. போர்டு முன்னால் நின்றால்தான் எங்காவது ஒரு மைனஸ் குறி நழுவிவிடும். முதலாம் ஆண்டு வைத்த பெயர், மைனஸ் அக்கா.

"நாளைக்கு உன் கிளாஸ்ல நான் வந்து உட்காரப்போறேன். ஒரு தப்பு வந்தாலும் கிளாஸும் கிடையாது, அடுத்த வாரக் கருத்தரங்குல பேச்சும் கிடையாது" என்றார் மேடம்.

அவள் சரியென்று தலையாட்டினாள்.

மறுநாள் மேடம் சிவப்புப் பேனாவோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அக்கா சாயம் வெளுக்கிற கணக்கையே எழுத ஆரம்பித்தாள். இரண்டு வரி ஒழுங்காகப் போனது. மூன்றாவது வரியில் மைனஸைக் காணோம்.

மைனஸ் இல்லாவிட்டால் சாயம் வெளுக்காது, பெருகும். அந்தக் கணக்குப்படி சாயங்காலத்துக்குள் கல்லூரி முழுக்க நீலமாகி, வாசலில் நிற்கும் வாட்ச்மேனும் நீலமாகிவிடுவார்.

மேடம் பேனா மூடியைத் திறந்தார்.

அதற்குள் முன் பெஞ்சு சுருட்டை முடிக்காரி எழுந்துவிட்டாள். "அக்கா, இன்னிக்கு எங்களுக்காக ஒளிச்சு வச்ச தப்பு மூணாவது வரிதானே?"

அக்கா திருதிருவென்று விழித்தாள்.

"போன வாரம் கடைசி வரியில வச்சிருந்தீங்க. அது கொஞ்சம் கஷ்டம்" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"வேணும்னே ஒரு தப்பு வச்சு எங்களைக் கண்டுபிடிக்கச் சொல்வாங்க மேடம்." சுருட்டை இப்படிச் சொன்னதும் மொத்த வகுப்பும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. ஒருவன் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல், கீழே விழாத பேனாவை பெஞ்சுக்கு அடியில் தேடினான்.

மேடம் பேனாவை மூடினார். "நல்லா இருக்கே இந்த முறை. கருத்தரங்குலயும் இதே மாதிரி ஒரு தப்பு வை. பேராசிரியர்கள் கண்டுபிடிக்கட்டும்."

அவர் போனதும் அக்கா சுருட்டையைப் பிடித்துக்கொண்டாள். "எதுக்குடி இப்படிப் புளுகினீங்க?"

"வேற யாராவது வந்தா தப்பே இல்லாமப் போட்டுட்டுப் போயிடுவாங்கக்கா. எங்களுக்கு ஒரு மண்ணும் புரியாது. நீங்கதான் மைனஸைத் தொலைச்சுட்டு, வாங்க தேடுவோம்னு எங்களையும் கூட்டிக்கிட்டு வரி வரியாப் போறீங்க. தேடித் தேடியே எங்களுக்குக் கணக்கு வந்துடுச்சு."

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எதை முதலில் செய்வது என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

கருத்தரங்கு நாள் வந்தது. முன் வரிசையில் பெரிய தலைகள், பின்னால் முதலாம் ஆண்டு முழுப் பட்டாளம். அக்கா தன் ஆராய்ச்சியைச் சொல்லி, போர்டு நிறையக் கணக்கையும் எழுதி முடித்தாள்.

"இதுல ஒரு தப்பு இருக்கு. எங்கேன்னு சொல்லுங்க."

"மூணாவது வரி. பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு" என்றார் துறைத் தலைவர்.

"இல்லை சார், ஆறாவது வரி. என் கண்ணுலேருந்து தப்ப முடியுமா?" என்றார் கணிதப் பேராசிரியர்.

"ரெண்டும் இல்லை. ஆரம்பமே சரியில்லை" என்றார் இயற்பியல்காரர். ஆரம்பத்தின்போது அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

மூவரும் சாக்பீஸைப் பிடுங்கிக்கொள்ளாத குறை.

பின்னாலிருந்து சுருட்டை எழுந்தாள். "அக்கா, நாங்க எல்லாரும் தேடிப் பார்த்துட்டோம். தப்பே இல்லை."

அக்கா திரும்பிப் பார்த்தாள். ஐந்தாவது வரியில் விட்டுவிட வேண்டும் என்று வீட்டில் மனப்பாடம் செய்துவைத்திருந்த மைனஸ், சமர்த்தாகத் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

"மன்னிக்கணும். தப்பு வைக்க மறந்துட்டேன்."

அரங்கமே சிரித்தது. "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றபடி எல்லோருக்கும் முந்திக் கைதட்டினார் துறைத் தலைவர்.

கூட்டம் கலைந்த பிறகு மேடம் மட்டும் நின்று போர்டை அழித்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை.

"மேடம், அன்னிக்கு கிளாஸ்ல நான் வேணும்னு தப்பு வைக்கலை. நிஜமாவே வந்த தப்பு. பசங்க எனக்காகப் பொய் சொன்னாங்க."

"தெரியும். உன் முழியே சொல்லுச்சே."

"அப்புறம் ஏன் மேடம் என்னை விட்டீங்க?"

மேடம் டஸ்டரை மேஜை விளிம்பில் தட்டினார்.

"நானும் இருபது வருஷமாப் பாடம் எடுக்கறேன். போர்டுல தப்பும் பண்ணியிருக்கேன். எனக்காக இதுவரைக்கும் ஒரு பிள்ளைகூட எழுந்து நின்னு பொய் சொன்னதில்லையேம்மா."