ஒருத்தரும் வரவில்லை

இலங்கை அகதி முகாம் மக்களுக்குக் குடியுரிமை கேட்டுக் கள்ளக்குறிச்சியில் ஊர்வலம். சட்டக் கல்லூரி மாணவன் பகலவன் போட்ட கோஷத்தில், கல்வராயன் மலைக் குரங்குகள் கடித்த கடுக்காயைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டியதாகக் கேள்வி.

கூட வந்த நண்பன் தீனதயாளனுக்கு மட்டும் எரிச்சல். "யாருக்காகக் கத்திக்கினு இருக்கோமோ, அந்த முகாம் ஆளுங்க ஒருத்தரயும் காணோமே மச்சான்! இன்னா ஜனங்கடா இது?"

பகலவன் மணி பார்த்தான். "நான் கெளம்புறேன்டா" என்றான் கரகரப்பாக.

"கலெக்டராண்ட மனு குடுக்கப் போற நேரத்துல ஓடுறியே! நீயெல்லாம் வக்கீலாயி இன்னாத்தக் கிழிக்கப்போற?"

"வூட்ல வேலடா."

பஸ்ஸைப் பிடித்து இறங்கி ஓடினான். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"எங்க தம்பி போனனீ? இண்டைக்குக் கணக்கெடுப்பெண்டு தெரியாதோ? ஆள் இல்லாட்டிப் பேரை வெட்டிப்போடுவாங்கள்!"

முகாமே வரிசையில் நின்றது. பகலவனும் போய் நின்றுகொண்டான்.

அதிகாரி அவன் பெயரை வாசித்தார். வாயைத் திறந்தான், கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. கையைத் தூக்கினான்.

அதிகாரி நிமிரவே இல்லை.

"வாயத் தொறந்து சொல்லுப்பா. இருக்கியா, இல்லியா?"