ஏழு றாத்தல்

பனிக்காலப் பின்னேரம், மூன்று மணிக்கே குறொன்லாண்ட் தெருவில் வெளிச்சம் வடிந்துவிட்டது. நிருஜன் வேலை செய்யும் பலசரக்குக் கடையில் வேறு ஆளில்லை. அவன் போனைக் காதோடு அழுத்தி, பருத்தித்துறையிலிருந்து மாமி அனுப்பிய குரலை மறுபடியும் கேட்கிறான். "பொம்பிளைப் பிள்ளை தம்பி. ஏழு றாத்தல்." அங்கே பிள்ளை பெற்றிருக்கும் மனைவிக்கு இன்னும் விசா வரவில்லை. பிள்ளையின் முகம் காலையிலேயே போனில் வந்துவிட்டது, பாரம்தான் வரவில்லை. ஒரு றாத்தலுக்கு நானூற்றைம்பத்துமூன்று கிராமும் சொச்சமும் என்று கணக்குப் பார்த்து, திறந்திருக்கும் மூட்டையிலிருந்து சிவப்பரிசியை அள்ளித் தராசில் வைத்த பைக்குள் போடுகிறான். கூடிவிடுகிறது. ஒரு பிடி எடுக்கிறான், பிறகு சில மணிகளைக் கிள்ளிப் போடுகிறான். தராசின் பச்சை எண்கள் 3.175இல் நிற்கின்றன. பையைத் தூக்கும்போது, தலை தொய்ந்துவிடக் கூடாதென்பதுபோல இடது கை தானாகவே ஒரு முனைக்குக் கீழே போய்த் தாங்குகிறது. அரிசி குளிர்ந்து கிடக்கிறது. ஜாக்கெட்டைத் திறந்து அதை உள்ளே அணைத்துக்கொண்டு, குளிர்பெட்டியின் இரைச்சலுக்குள் மெல்ல ஆடியபடி வெகுநேரம் நிற்கிறான்.

கதவு மணி கிணுங்குகிறது. பையை ஜாக்கெட்டிலிருந்து வெளியே எடுக்கிறான். தொப்பியில் பனியோடு ஓர் அக்கா உள்ளே வருகிறார்.

"உதிலை எவ்வளவு அரிசி தம்பி?"

"மூண்டு கிலோ நூற்றியெழுபத்தைஞ்சு கிராம்."

"எனக்கு மூண்டு காணும். மிச்சத்தை எடுத்துவிடுங்கோ."

பையின் வாய்வரை போன கை அங்கேயே நிற்கிறது.

"வேண்டாம் அக்கா, அப்பிடியே கொண்டு போங்கோ."

இரண்டு கைகளாலும் நீட்டுகிறான். வாங்கி நெஞ்சோடு சாய்த்துக்கொண்டவர் நிமிர்ந்து அவனைப் பார்க்கிறார்.

"என்ன தம்பி, அரிசி சூடாக் கிடக்கு?"